தளம் திறக்கவில்லையா? பழுது எங்கே என்று முதலில் பார்ப்போம்

ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழும் மூன்று வாக்கியங்கள் உண்டு. "நெட் இல்லை." "சர்வர் டவுன்." "சைட் ஓப்பன் ஆகல." மூன்றையும் நாம் ஒரே பொருளில்தான் சொல்கிறோம். ஆனால் மூன்றும் வேறு வேறு பழுதுகள். முதலாவது, நம் கட்டடத்துக்குள்ளோ தெருக் கம்பியிலோ இருப்பது. இரண்டாவது, தளத்தை நடத்துபவர் பக்கம் இருப்பது. மூன்றாவது இந்த இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலும் நமக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தின் வழியில் இருப்பது. எது என்று தெரிந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்போம்.

இது வெறும் வசதிக் குறைவு அல்ல. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகையை (என்.எம்.எம்.எஸ்.) எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பில் தேர்வெழுதித் தெரிவாகும் மாணவருக்கு 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். அந்தப் பணம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டுமானால் தேசிய கல்வி உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பள்ளியும் உரிய நாளுக்குள் சரிபார்த்து அனுப்ப வேண்டும்.

எங்கள் பகுதியில் பெற்றோர் பலர் பட்டாசு ஆலைகளில் வேலை செய்பவர்கள். ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. பகலில் ஓ.டி.பி. வந்தால் எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. அதனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் "சைட் ஓப்பன் ஆகலம்மா, நாளைக்கு வாங்க" என்று சொன்னால், இன்னொரு நாள் கூலியும் போகிறது என்று பொருள். ஆகவே பழுதைக் கண்டுபிடிக்கும் முறையை ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு பேராவது தெரிந்து வைத்திருப்பது நல்லது. இதற்குக் கணினிப் பட்டம் தேவையில்லை.

ஒரு முகவரியைத் தட்டினால் என்ன நடக்கிறது?

சிவகாசியில் அச்சடித்த காலண்டர் பண்டல் ஒன்று டெல்லியில் உள்ள ஒரு கடைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

முதலில் அச்சகத்தில் பண்டல் கட்டி, கடையின் பெயரை ஒட்டுகிறார்கள். அடுத்து அது லாரி ஆபீசுக்கு வண்டியில் போகிறது. அங்கே உள்ள பதிவேட்டில் கடைப் பெயரைத் தேடி, அதற்குரிய தெருவையும் கதவு எண்ணையும் எடுக்கிறார்கள். பிறகு லாரி சாலைகள் வழியே ஊர் ஊராகக் கடந்து போகிறது. கடைசியில் டெல்லிக் கடைக்காரர் சரக்கை இறக்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்.

இணையத்திலும் இதே ஐந்து கட்டங்கள்தான். பண்டல் கட்டும் இடம் நம் கணினியும் உலாவியும் (பிரவுசர்). லாரி ஆபீசுக்குப் போகும் வண்டி, வைஃபையும் ரவுட்டரும் கம்பியும். பெயரைப் பார்த்துக் கதவு எண் சொல்லும் பதிவேட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய ஐ.பி. எண்ணை அது தரும். சாலை என்பது இணைய நிறுவனத்தின் வலைப்பின்னலும் அது இணையும் பிற வலைப்பின்னல்களும். டெல்லிக் கடைதான் சர்வர்.

இந்த ஐந்தில் எங்கே தடைபட்டாலும் திரையில் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: தளம் திறக்கவில்லை. எனவே, எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் இரண்டு ஒப்பீடுகள்

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் இரண்டே சோதனைகள் செய்யுங்கள். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் போதும்.

ஒன்று: அதே கணினியில், அதே இணைப்பில் வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். கூகுள் ஒன்று, அரசுத் தளம் ஒன்று என்று இருக்கட்டும்.

இரண்டு: திறக்காத அதே தளத்தை, வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் சொந்த டேட்டாவில் திறந்து பாருங்கள். அந்தக் கைப்பேசியின் சிம், பள்ளிக்கு இணைப்புத் தரும் நிறுவனத்துடையதாக இல்லாமல் வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் சோதனை இன்னும் தெளிவாகும்.

விடைகள் நான்கு வகையில் அமையும்.

1. பள்ளி இணைப்பில் எந்தத் தளமும் திறக்கவில்லை. கைப்பேசியில் எல்லாம் திறக்கிறது. பழுது நம் ரவுட்டரிலோ கம்பியிலோ இருக்கலாம். அல்லது அந்த நிறுவனத்தின் சேவையே அப்பகுதியில் நின்றிருக்கலாம்.

2. பள்ளி இணைப்பில் மற்றவை திறக்கின்றன; அந்த ஒரு தளம் மட்டும் பள்ளியிலும் திறக்கவில்லை, கைப்பேசியிலும் திறக்கவில்லை. பழுது அநேகமாகத் தளத்தின் பக்கம். காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

3. அந்த ஒரு தளம் பள்ளி இணைப்பில் மட்டும் திறக்கவில்லை, கைப்பேசியில் திறக்கிறது. தளம் நன்றாக இருக்கிறது, நம் கம்பியும் நன்றாக இருக்கிறது. நடுவில் உள்ள பதிவேட்டிலோ சாலையிலோ சிக்கல்.

4. ஒரு கணினியில் மட்டும் திறக்கவில்லை. பக்கத்துக் கணினியில், அதே இணைப்பில் திறக்கிறது. பழுது அந்தக் கணினியில்தான்.

மூன்றாவது வகையைத்தான் நாம் பெரும்பாலும் "சர்வர் டவுன்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். சர்வர் நலமாகத்தான் இருக்கிறது. நமக்கு மட்டும் வழி அடைபட்டிருக்கிறது.

திரை சொல்லும் செய்தியைப் படியுங்கள்

தளம் திறக்காதபோது உலாவி காட்டும் பக்கத்தைப் பலர் படிக்காமலேயே மூடிவிடுகிறோம். அதன் அடியில் சிறிய எழுத்தில் ஆங்கிலக் குறிப்பு ஒன்று இருக்கும். பழுது எந்தக் கட்டத்தில் என்பதை அது ஓரளவு சொல்லிவிடும்.

"டி.என்.எஸ்." என்ற எழுத்துகளோ "என்.எக்ஸ்.டொமைன்" என்ற சொல்லோ இருந்தால், பதிவேட்டில் பெயர் கிடைக்கவில்லை என்று பொருள். முகவரியை எழுத்துப் பிழையோடு தட்டியிருந்தாலும் இதே செய்திதான் வரும். அதை முதலில் சரிபாருங்கள்.

"டைம்ட் அவுட்" என்றால் லாரி போனது, பதில் வரவில்லை. "ரீசெட்" என்றால் இணைப்பை யாரோ நடுவில் வெட்டினார்கள். "ரெஃப்யூஸ்ட்" என்றால் கடை வாசல் வரை போயும் கதவைத் திறக்கவில்லை.

500, 502, 503, 504 போன்ற எண்கள் வந்தால், அவற்றைப் பெரும்பாலும் தளத்தின் பக்கமிருந்தே அனுப்புகிறார்கள். அதாவது நம் கோரிக்கை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கூட்டம் அதிகமாக இருக்கலாம், அல்லது உள்ளே பழுது இருக்கலாம். பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலை நேரத்தில் இது இயல்பு. அப்போது மீண்டும் மீண்டும் புதுப்பித்துக்கொண்டே இருப்பது கூட்டத்தைக் கூட்டவே செய்யும்.

403 என்றால் "வந்தது தெரிகிறது, ஆனால் அனுமதி இல்லை". 404 என்றால் தளம் இருக்கிறது, நாம் கேட்ட பக்கம் இல்லை. 451 என்றும் ஓர் எண் உண்டு. சட்டக் காரணத்தால் தர இயலாது என்பது அதன் பொருள். நூல்களை எரிக்கும் எதிர்கால நாட்டைப் பற்றி ரே பிராட்பரி எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலை நினைவுபடுத்தவே அந்த எண்ணைத் தேர்ந்தார்கள்.

கணினியின் தேதி சரியா?

நான்காவது வகைப் பழுதுக்கு, அதாவது ஒரு கணினியில் மட்டும் திறக்காததற்கு, நம் பள்ளிகளில் அடிக்கடி காணும் காரணம் மிக எளியது: தேதி தவறாக இருப்பது.

கணினியின் மதர்போர்டில் நாணய வடிவில் ஒரு சிறு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துபோனால், கோடை விடுமுறை முடிந்து ஆய்வகத்தைத் திறக்கும்போது கணினி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும்.

பாதுகாப்பான ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2020 செப்டம்பர் 1 முதல், பொதுப் பயன்பாட்டுத் தளங்களின் புதிய சான்றிதழ் 398 நாட்களுக்கு மேல் செல்லாது என்று முன்னணி உலாவிகள் விதித்தன. கணினியின் தேதி 2015 என்று இருந்தால், இன்றைய சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே தளம் ஆபத்தானது என்று உலாவி எச்சரிக்கிறது. தேதியைச் சரிசெய்தால் தளம் திறக்கும். பேட்டரியை மாற்றினால் மறுபடி வராது. "எச்சரிக்கையைப் புறக்கணித்துத் தொடர்க" என்பதை மட்டும் அழுத்தாதீர்கள், அதிலும் மாணவர் விவரங்களை ஏற்றும் தளத்தில்.

உலாவி பழையதாக இருப்பது இன்னொரு காரணம். விண்டோஸ் 7 கணினிகளுக்கான குரோம் புதுப்பித்தல் 2023-இல் 109-ஆவது பதிப்போடு நின்றுவிட்டது. அத்தகைய கணினியில் புதிய தளங்கள் சில சரியாக இயங்காவிட்டால் இணைய நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

பதிவேடு பழையதாக இருந்தால்

இனி மூன்றாவது வகைக்கு வருவோம். கடை புதிய தெருவுக்கு மாறிவிட்டது. லாரி ஆபீஸ் பதிவேட்டில் பழைய கதவு எண்ணே இருக்கிறது. லாரி எங்கே போகும்?

நாம் தனியாக எதுவும் அமைக்காவிட்டால், நம் கணினி இணைய நிறுவனத்தின் பதிவேட்டைத்தான் கேட்கும். ஒருமுறை கிடைத்த எண்ணை அந்தப் பதிவேடு சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். தளம் வேறு சர்வருக்கு மாறிய பிறகும் பழைய எண்ணையே தந்துகொண்டிருந்தாலோ, அந்தப் பதிவேட்டுக் கணினியே பழுதானாலோ, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தளம் திறக்காது.

இதைச் சோதிக்கப் பொதுப் பதிவேடுகள் உள்ளன. கூகுள் 2009 முதல் நடத்தும் 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய 1.1.1.1 ஆகியவை பலர் அறிந்தவை. விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, "என்.எஸ்.லுக்அப்" என்ற கட்டளையை ஆங்கிலத்தில் இடைவெளி இன்றித் தட்டி, பிறகு ஓர் இடம் விட்டுத் தளத்தின் பெயரைத் தட்டினால் நம் நிறுவனத்தின் பதிவேடு தரும் எண் தெரியும். அதே வரியின் இறுதியில் இன்னோர் இடம் விட்டு 8.8.8.8 என்று சேர்த்தால் கூகுள் பதிவேடு தரும் எண் தெரியும். ஒன்று பதில் தந்து மற்றொன்று தராவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. எண்கள் வேறுபட்டால் மட்டும் உடனே முடிவுக்கு வர வேண்டாம். பெரிய தளங்களுக்குப் பல ஊர்களில் சர்வர்கள் உண்டு. அவற்றின் எண்கள் இயல்பாகவே மாறும்.

எங்கள் பள்ளியில் இது ஒருமுறை நடந்தது. உதவித்தொகை விண்ணப்பத்துக்கான கடைசி வாரம். ஐந்து மாணவிகளின் விண்ணப்பங்கள் மீதி இருந்தன. பள்ளி இணைப்பில் அந்தத் தளம் மட்டும் திறக்கவில்லை. கைப்பேசி டேட்டாவில் உடனே திறந்தது. இரண்டு பதிவேடுகளையும் கேட்டோம். எங்கள் நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து பதிலே வரவில்லை. பொதுப் பதிவேடு எண்ணைத் தந்தது. தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஐந்து விண்ணப்பங்களையும் அன்றே முடித்தோம். வந்திருந்த தாய்மார்கள் மறுநாள் வேலைக்குப் போனார்கள். நிறுவனத்துக்குச் சோதனை விவரங்களோடு புகார் கொடுத்தோம்; இரண்டு நாளில் சரியானது. "சைட் ஓப்பன் ஆகல" என்று மட்டும் சொல்லியிருந்தால், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்ற பதிலோடு அந்த வாரம் போயிருக்கும்.

பெரிய பண்டல் நுழையாத பாலம்

இன்னொரு பழுது குழப்பமானது. கூகுள் திறக்கிறது. வாட்ஸ்அப் வேலை செய்கிறது. ஒரு தளம் மட்டும் பாதி வந்து நிற்கிறது. அல்லது உள்நுழைவுப் பக்கம் வருகிறது, படத்தை ஏற்றும்போது சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ரயில் பாதைக்குக் கீழே உள்ள சுரங்கப் பாலங்களில் உயரம் காட்டும் இரும்புச் சட்டம் இருக்கும். ஆட்டோ போகும், வேன் போகும், உயரமாகச் சரக்கேற்றிய லாரி போகாது. இணையத்திலும் ஒரு பொட்டலத்தின் அளவுக்கு வரம்பு உண்டு. அதற்கு எம்.டி.யு. என்று பெயர். வழக்கமான அளவு 1,500 பைட். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ரவுட்டர் இணையும் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் (பி.பி.பி.ஓ.இ. முறை) 8 பைட் வழிச்செலவுக்குப் போய்விடும், மீதி 1,492.

பொட்டலம் பெரிதாக இருந்தால், "சிறிதாக்கி அனுப்பு" என்ற செய்தி அனுப்பியவருக்குத் திரும்பிப் போக வேண்டும். வழியில் ஏதாவது ஒரு கருவி அந்தச் செய்தியைத் தடுத்துவிட்டால், பொட்டலம் சத்தமின்றித் தொலையும். சிறு பொட்டலங்கள் போகும், பெரியவை போகாது. இதனால்தான் சில தளங்கள் மட்டும், அதுவும் பாதியில் நிற்கின்றன. ரவுட்டர் அமைப்பில் இந்த அளவை 1,492 அல்லது அதற்குச் சற்றுக் கீழே வைத்தால் சரியாகும். ஆனால் அதை இணைய நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியாளரே செய்யட்டும். "சிறு தளங்கள் திறக்கின்றன, கோப்பு ஏற்றும்போது நின்றுவிடுகிறது, எம்.டி.யு. பாருங்கள்" என்று நாம் சொன்னாலே அவருக்கு வேலை எளிதாகிவிடும்.

தடை உத்தரவால் திறக்காத தளங்கள்

பழுதே இல்லாமலும் ஒரு தளம் திறக்காமல் போகலாம். நீதிமன்றமோ அரசோ தடுக்கச் சொல்லியிருந்தால் இணைய நிறுவனங்கள் வழியை மூட வேண்டும். இதில் நம் மாநிலத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு.

2012-இல் '3' என்ற தமிழ்ப் படமும் ஒரு தெலுங்குப் படமும் திருட்டுத்தனமாக இணையத்தில் வராமல் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெறப்பட்டது. அதைக் காட்டி, அந்த ஆண்டு மே மாதம் இணைய நிறுவனங்கள் சில தளங்களை முழுமையாக மூடின. அவற்றில் விமியோவும் ஒன்று. உலகெங்கும் குறும்பட இயக்குநர்கள் தங்கள் சொந்தப் படைப்புகளை வைத்திருக்கும் தளம் அது. அந்த ஜூன் மாதம் நீதிமன்றம் தன் உத்தரவைத் தெளிவுபடுத்தியது: தடை, படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கத்துக்கு மட்டுமே, முழுத் தளத்துக்கும் அல்ல.

2014 டிசம்பரில் மத்திய அரசின் உத்தரவால் 32 தளங்கள் மூடப்பட்டன. மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்ஹப்பும் அவற்றில் இருந்தது. சில நாட்களில் அது உள்ளிட்ட சில தளங்கள் திறக்கப்பட்டன.

2017 ஆகஸ்டில் மீண்டும் சென்னை உயர் நீதிமன்றம். இரண்டு இந்திப் படங்களுக்காக 2,600-க்கும் மேற்பட்ட தள முகவரிகளைத் தடுக்கும் உத்தரவு வந்தது. அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மின்னூலகமும் சேர்ந்துவிட்டது. பழைய தமிழ் நூல்களின் மின்படிகள் பல அங்கேதான் இருக்கின்றன. செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்த பின் அது மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் அங்கே ஒரு நூலைத் தேடியவர்களுக்குத் தங்கள் இணைப்பில் பழுது என்றே தோன்றியிருக்கும்.

நம் வகுப்பறைக்கு இன்னும் நெருக்கமான நிகழ்வு 2022-இல் நடந்தது. பாடக் காணொளிகளை ஓட்ட நாம் பயன்படுத்தும் வி.எல்.சி. மென்பொருளின் தளம் அந்த ஆண்டு தொடக்கத்தில் இந்தியாவில் தடுக்கப்பட்டது. சில நிறுவனங்களின் இணைப்பில் திறந்தது, சிலவற்றில் திறக்கவில்லை. ஏற்கெனவே கணினியில் நிறுவியிருந்த வி.எல்.சி. வழக்கம்போல் ஓடியது. தளத்தை நடத்துவோர் சட்டப்படி அறிவிப்பு அனுப்பிக் காரணம் கேட்ட பிறகு, நவம்பரில் தடை நீங்கியது.

இத்தகைய தடையை அடையாளம் காண்பது ஏன் கடினம்? முன்பெல்லாம் தடுக்கப்பட்ட தளத்துக்குப் பதிலாக, "தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி தடுக்கப்பட்டுள்ளது" என்ற அறிவிப்பை நிறுவனம் காட்டும். இன்று பெரும்பாலான தளங்கள் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் இயங்குகின்றன. அதன் நடுவே நிறுவனம் தன் பக்கத்தைச் செருக முடியாது. இணைப்பை வெட்டத்தான் முடியும். ஆகவே நமக்கு "ரீசெட்" அல்லது "டைம்ட் அவுட்" மட்டுமே தெரிகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் தடுக்கும் முறையும் மாறுவதால், பக்கத்து ஊர்ப் பள்ளியில் திறப்பது நம் பள்ளியில் திறக்காமல் போகிறது.

சட்டப்படியான தடையைத் தாண்டிச் செல்வது நம் வேலை அல்ல. "இது பழுதா, தடையா?" என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்பது நம் உரிமை. தவறுதலாக மூடப்பட்ட நல்ல தளங்கள் மீண்டும் திறந்தது, பயன்படுத்துவோர் சத்தம் போட்டுக் கேட்டதால்தான் என்பதை மேலே உள்ள நிகழ்வுகள் காட்டுகின்றன.

சாலையும் கடையும்

சில நேரங்களில் நீண்ட தொலைவுச் சாலையே அறுந்துவிடும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்டிரியா அருகே கடலடிக் கம்பிகள் சேதமானபோது இந்தியாவில் இணையம் தடுமாறியது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கம்பிகள் அறுந்தபோதும் இந்தியா உட்படப் பல நாடுகளில் வேகம் குறைந்தது. உள்நாட்டுத் தளங்கள் விரைவாகவும் வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் மெதுவாகவும் இருந்தால் இப்படி ஏதேனும் நடந்திருக்கிறதா என்று செய்தியைப் பாருங்கள்.

கடையே காணாமல் போவதும் உண்டு. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றன. அந்த நிறுவனத்தின் பராமரிப்புப் பணியில் தரப்பட்ட ஒரு கட்டளை, அதன் வலைப்பின்னலையே இணையத்திலிருந்து துண்டித்துவிட்டது. அன்று எத்தனையோ வீடுகளில் ரவுட்டரை அணைத்துப் போட்டிருப்பார்கள். கைப்பேசி டேட்டாவிலும் திறக்கவில்லை என்ற ஒரே ஒப்பீடு அந்த உழைப்பை மிச்சப்படுத்தியிருக்கும்.

புகாரை இப்படி எழுதலாம்

வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசுபவர் நாளொன்றுக்கு நூறு முறை "நெட் வரல" என்று கேட்பவர். நம் புகார் வேறு மாதிரி இருந்தால்தான் அது அடுத்த நிலைக்குப் போகும். ஒரு மாதிரி:

"எங்கள் இணைப்பு எண் ______. இன்று காலை 10.20 முதல் ______ என்ற தளம் மட்டும் திறக்கவில்லை. மற்ற தளங்கள் திறக்கின்றன. மூன்று கணினிகளில் சோதித்தோம். வேறு நிறுவனத்தின் கைப்பேசி டேட்டாவில் அதே நேரத்தில் திறக்கிறது. திரையில் வரும் செய்தி ______. உங்கள் டி.என்.எஸ். பதில் தரவில்லை, 8.8.8.8 தருகிறது. திரைப்படம் இணைத்துள்ளோம். இது பழுதா, தடை உத்தரவா என்று தெரிவிக்கவும். புகார் எண் தரவும்."

புகார் எண்ணை வாங்காமல் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். உரிய காலத்தில் தீராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் அத்தகைய அமைப்பை வைத்திருக்க வேண்டும் என்பது டிராய் 2012-இல் கொண்டுவந்த விதி. அங்கே கேட்கும் முதல் விவரம் புகார் எண்தான்.

செய்யக் கூடாதவை

அவசரத்தில் நாம் செய்யும் மூன்று காரியங்கள் பழுதைவிடப் பெரிய கேட்டைத் தரும்.

ஒன்று, இலவச வி.பி.என். செயலியை நிறுவி அதன் வழியே அரசுத் தளத்துக்குள் நுழைவது. நம் போக்குவரத்து முழுவதும் முகம் தெரியாத ஒருவர் வழியே போகிறது. மாணவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்ற விவரங்களை அவ்வழியில் அனுப்பக் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டு எண்ணிலிருந்து வருபவரைச் சில அரசுத் தளங்கள் உள்ளே விடுவதில்லை. வி.பி.என். போட்டதாலேயே தளம் திறக்காமல் போகலாம்.

இரண்டு, தளம் திறக்கவில்லை என்று தேடுபொறியில் அதே பெயரைத் தேடி, வரும் முதல் இணைப்பை அழுத்துவது. போலித் தளங்கள் காத்திருப்பது அங்கேதான். அரசுத் தள முகவரி ஜி.ஓ.வி. புள்ளி இன், அல்லது என்.ஐ.சி. புள்ளி இன் என்று முடிகிறதா என்று பாருங்கள்.

மூன்று, பள்ளியின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வெளியே உள்ள கணினி மையத்தில் கொடுத்துவிட்டு வருவது. அவசரமென்றால் நம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டே பாதுகாப்பானது.

அதுபோல், ஆய்வகக் கணினிகளில் எந்த அமைப்பையும் மாற்றும் முன் தலைமை ஆசிரியருக்கும் ஆய்வகப் பொறுப்பாளருக்கும் தெரிவியுங்கள். என்ன இருந்தது, என்னவாக மாற்றினோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

மாணவர்களுக்கும் இது ஒரு பாடம்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் செயல்பாடாகக் கொடுத்துப் பாருங்கள். நான்கு குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பழுது: ஒரு கணினியில் தேதியை மாற்றி வையுங்கள், ஒன்றில் கம்பியைக் கழற்றுங்கள், ஒன்றில் தளத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக் கொடுங்கள், ஒன்றில் டி.என்.எஸ். எண்ணைத் தவறாக இடுங்கள். விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதையும் விளைவையும் எழுத வேண்டும்.

விதை முளைக்கும் சோதனையில் நீரை மட்டும் மாற்றி ஒளியை அப்படியே வைப்பது ஏன் என்று அறிவியல் பாடத்தில் கேட்கிறோமே, அதே கேள்விதான் இங்கும். ஒரே நேரத்தில் ரவுட்டரையும் அணைத்து, உலாவியையும் மாற்றி, ஹாட்ஸ்பாட்டிலும் போட்டால், தளம் திறந்தாலும் எதனால் திறந்தது என்று தெரியாது. மறுநாள் மீண்டும் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். அதில் நான்கு விவரங்கள் போதும்: நம் இணைப்பு எண், நிறுவனத்தின் புகார் எண் வாங்கும் தொலைபேசி, மேலே சொன்ன இரண்டு ஒப்பீடுகள், ஒவ்வோர் உதவித்தொகைக்கும் கடைசித் தேதி. அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்பே ஒருமுறை தளத்தைத் திறந்து பாருங்கள். பழுது இருந்தால் சரிசெய்ய அவகாசம் இருக்கும். கூலியை விட்டு வரும் பெற்றோரும் ஒரே நடையில் வேலையை முடித்துக்கொண்டு போவார்கள்.